பாக்டீரியாவுக்குப் பீஸ் ரேட்

பாக்டீரியாவைப் பீஸ் ரேட்டில் வேலைக்கு வைத்த முதல் மனிதர் யார் என்று யாராவது கேட்டால், தயங்காமல் சென்னியப்பன் பேரைச் சொல்லலாம். வேறு ஊர்க்காரருக்கு இந்த யோசனை உதித்திருக்காது, திருப்பூர்க்காரருக்குத்தான் உதிக்கும். பதினெட்டு வயதில் பனியன் கம்பெனித் தையல் மிஷினில் உட்கார்ந்தவர் அவர். டஜன் காலருக்கு இவ்வளவு கூலி என்று தைத்துத் தைத்தே முதுகைக் கெடுத்துக்கொண்டார். தைத்தால் கூலி, தைக்காவிட்டால் ஒன்றும் இல்லை. உலகம் அப்படித்தான் நடக்கிறது, அப்படித்தான் நடக்கவும் வேண்டும் என்பது அவருடைய கட்சி.

முதுகு இனித் தாங்காது என்று ஆனதும் வெண்மதி டையிங்கில் கழிவுநீர்ப் பகுதிக்கு ஆபரேட்டராக வந்து சேர்ந்தார். அதுவும் ஆயிற்று பத்தொன்பது வருஷம். அங்கே பன்னிரண்டு சாய மிஷின்கள். துணியில் ஒட்டாத சாயமும் உப்பும் சோப்பும் கலந்த தண்ணீர் அவற்றிலிருந்து கொட்டிக்கொண்டே இருக்கும். ஒரு காலத்தில் அதில் ஒரு சொட்டுக்கூட வெளியே போகக் கூடாது, அத்தனையையும் கொதிக்க வைத்து ஆவியாக்கித் தீர்க்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. விறகு வாங்கி மாளவில்லை. அப்போதுதான் கோயம்புத்தூர் ஆய்வகம் ஒன்று ஞாபகக் கல்ச்சர் என்ற பாக்டீரியாக் கூட்டத்தைக் கொண்டுவந்தது.

சாதாரண பாக்டீரியா வந்ததைத் தின்னும், சாயம் மாறினால் வயிறு கெட்டுச் சாகும். இது அந்த ரகம் இல்லை. எந்த நேரத்தில் எந்தச் சாயம் வந்தது, அதற்கப்புறம் என்ன நடந்தது என்பதைத் தன் கூட்டத்துக்குள்ளேயே ஞாபகம் வைத்துக்கொள்ளும். காலையில் கறுப்பு, மதியம் சிவப்பு என்று தெரிந்துகொண்டு முன்கூட்டியே தயாராக நிற்கும். கண் இல்லை, மூளை இல்லை, ஆனால் பழக்கம் உண்டு. அது சுத்தம் செய்த தண்ணீரைப் பார்த்து அரசாங்கமே அசந்துபோய், இனி ஓடையில் விட்டுக்கொள்ளலாம் என்று சட்டத்தைத் தளர்த்தியது. ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். வெளியே போகும் குழாயில் அரசு மீட்டர் இருக்க வேண்டும். அது குறிப்பிட்ட நேரத்துக்கு, ஒரு நாளைக்கு நாலு தடவை தண்ணீரைச் சோதித்து நேராகச் சென்னைக்குச் சொல்லிவிடும்.

கல்ச்சரைக் கொண்டுவந்து தொட்டியில் விட்டவர் ஆய்வகத்து டாக்டர் பர்வீன். இதற்குச் சாயம் மட்டும் போதாது, மூன்று வேளையும் வெல்லப்பாகு ஊற்ற வேண்டும் என்றார். அது வேலை செய்தாலும் ஊற்ற வேண்டும், செய்யாவிட்டாலும் ஊற்ற வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தச் 'செய்யாவிட்டாலும்' என்ற சொல்தான் சென்னியப்பனுக்குத் தொண்டைக்குள் இறங்கவில்லை.

மூட்டை மூட்டையாக வெல்லம் கரைவதை இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தார். மீட்டர் ரீடிங்கோ ஒரு நாள் நன்றாக இருந்தது, ஒரு நாள் எல்லையைத் தொட்டுவிட்டு வந்தது. சும்மா கிடக்கிறவனுக்கும் சோறா என்று ஒரு நாள் ஆத்திரம் வந்து, எலக்ட்ரீஷியனைப் பிடித்து, பாகு ஊற்றும் பம்பை அரசு மீட்டரோடு இணைத்துவிட்டார். ரீடிங் நன்றாக வந்தால் பம்பு ஓடும், பாகு விழும். வராவிட்டால் பட்டினி. ஒரே வாரத்தில் ரீடிங் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராகிவிட்டது.

முதலாளி ரத்தினசபாபதிக்கு வாயெல்லாம் பல். மற்ற சாயப்பட்டறைக்காரர்களைக் கூட்டிவந்து, எங்க சென்னியப்பன் பண்ணின வேலை என்று காட்டினார். வெளியே போகும் தண்ணீரிலேயே மீன் வளர்த்துக் காட்டுவது சாயப்பட்டறைகளில் வழக்கம், வருகிற அதிகாரியை முதலில் அங்கேதான் நிறுத்துவார்கள். வெண்மதியின் மீன்கள் கொழுகொழுவென்று நீந்தின. இந்த ஏற்பாட்டை டாக்டர் பர்வீனிடம் சொல்ல வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

சென்னியப்பனுக்கு இதில் பெருமை மட்டும் இல்லை, பெரிய நிம்மதியும் இருந்தது. காரணம் அவருடைய தங்கை கோகிலாமணி. அவளைக் கட்டிக்கொடுத்த இடம் ஓடைக்கரைத் தோட்டம். வெண்மதியின் குழாய் மண்ணுக்கடியில் ஒரு கிலோமீட்டர் ஓடி, அவள் கிணற்றுக்கு மேலேதான் ஓடையில் விழுகிறது. அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வடக்கே இருப்பார். தோட்டம், இரண்டு மாடு, கிணறு எல்லாம் அவள் பொறுப்பு. ஓடையில் சாயப்பட்டறைத் தண்ணீர் விடப்போகிறார்கள் என்று தெரிந்ததும், கூடாது என்று கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்திருந்தாள். கொடுத்தது அண்ணன் வேலை செய்யும் கம்பெனி மேல்.

அந்த மனுவை வாபஸ் வாங்க வைத்ததும் அண்ணன்தான். யாரும் மிரட்டவில்லை, முதலாளி அனுப்பவும் இல்லை. ரீடிங் நேரான மறுவாரம் தானாகவே போய், நான் பாத்துப் பாத்து விடற தண்ணி அம்மிணி, பச்சைப் புள்ளைக்கும் குடுக்கலாம் என்று சொன்னார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், மறுநாள் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டாள். அதிலிருந்து எட்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கை வீட்டுக்குப் போவார். கட்டுத்தறியில் மாடு நிற்கும், அடுப்பில் காபி கொதிக்கும். தண்ணி நல்லாருக்குதல்ல அம்மிணி என்று கேட்பார், நல்லாருக்குதுண்ணா என்பாள். அந்த ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு வந்தால் அவருக்கு அடுத்த ஞாயிறு வரைக்கும் தெம்பு. அந்தக் கிணறு நன்றாக இருக்க வேண்டும், அதில் தன் வாக்கு பொய்க்கக் கூடாது, அவருக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

ஒரு புதன்கிழமை மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்டை நிறுத்தினார்கள். ஜெனரேட்டரில் மிஷின்கள் ஓடின, மீட்டருக்குத் தனி பேட்டரி உண்டு. மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றும் சின்ன பம்புதான் நின்றுபோனது. வழக்கமாக அது காலை பத்து மணி ரீடிங் முடிந்தவுடன் ஓடும். அன்றைக்குக் கரண்ட் வந்து பன்னிரண்டு மணிக்குத்தான் ஓடியது. ஒரு மணிக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு அந்தப் பக்கம் வந்த சென்னியப்பன், அத்தனை மீனும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதப்பதைப் பார்த்தார். தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. இரண்டு மணி ரீடிங்கும் சுத்தமாக வந்தது, பாகும் விழுந்தது.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு ஒரு பாட்டில், இரண்டு மணிக்கு ஒரு பாட்டில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார். வெள்ளிக்கிழமை காலையிலேயே டாக்டர் பர்வீன் நேரில் வந்து நின்றார். கால் மணிக்கு ஒரு தரம் தண்ணீரை எடுத்துச் சோதித்தார். பாகு பம்புக்கும் மீட்டருக்கும் நடுவில் ஓடிய ஒயரைப் பார்த்தார், இது யார் வேலை என்று கேட்டார். நான்தாங்க என்றார் சென்னியப்பன். டாக்டர் திட்டவில்லை. தொட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டு மெதுவாகத்தான் சொன்னார்.

"அண்ணா, சாயத்தைச் சுத்தம் பண்றது ரெண்டு வேலை. மொதல் கடியில நிறம் போயிடும், அது சுலபம். ஆனா கடிச்ச துண்டெல்லாம் தண்ணிக்குள்ளயே கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது, விஷம். அந்தத் துண்டைத் தின்னு தீர்க்கறதுதான் கஷ்டமான வேலை. உங்க கல்ச்சர் அந்த ரெண்டாவது வேலையை ஒரு நாளைக்கு நாலே தடவைதான் பண்ணுது. மீட்டர் பார்க்கற நேரத்துக்கு மட்டும்."

மீட்டர் பார்க்கிற நேரம் அதுக்கு எப்பிடிங்க தெரியும் என்று கேட்டார் சென்னியப்பன். மீட்டர் ஒவ்வொரு சோதனைக்கும் அரைமணி முன்னால் துளி ஆசிட்டால் தன் வாயைக் கழுவிக்கொள்ளும், அந்தத் துளி தொட்டிக்குத் திரும்பி வருகிறது, அந்த ருசியை இது கண்டுகொண்டது என்று விளக்கினார் டாக்டர். ருசி பட்டதும் எழுந்து அரைமணி நேரம் உயிரைக் கொடுத்து வேலை செய்யும். பாகு விழுந்ததும் படுத்துவிடும்.

"அப்ப நம்மள ஏமாத்துதுங்களா மேடம்?"

"ஏமாத்தறதுக்கு அதுக்கு மனசு எங்க இருக்கு? நீங்க சுத்தத்துக்கு வெல்லம் குடுக்கல அண்ணா, ரீடிங்குக்குக் குடுத்தீங்க. அது ரீடிங்கைச் செஞ்சு குடுத்துட்டுப் போகுது."

சென்னியப்பனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. டஜனுக்கு இவ்வளவு என்று தைத்த காலத்தில், செக்கிங் அக்கா காலரின் வெளிப்பக்கத்தை மட்டும்தான் பார்ப்பாள் என்று அவருக்குத் தெரியும். உள்பக்கத் தையலை இழுத்துவிட்டு ஓட்டியிருக்கிறார். அதை ஏமாற்று என்று ஒரு நாளும் நினைத்ததில்லை, எண்ணிக்கைக்குத்தானே கூலி. எங்கோ யாரோ ஒருத்தன் கழுத்தில் இரண்டாவது சலவையிலேயே அந்தக் காலர் பிரிந்து தொங்கியிருக்கும் என்று முப்பது வருஷம் கழித்து இப்போதுதான் நினைத்துப் பார்த்தார்.

அந்த ஆசிட் துளியைத் தொட்டிக்கு வரவிடாமல், மீட்டர் எப்போது பார்க்கும் என்றே தெரியாமல் நேரத்தை மாற்றி மாற்றி வைத்தால் என்ன என்று கேட்டுப் பார்த்தார். வைக்கலாம், ஒரு நொடி ஓயாமல் வேலை செய்து ஒரே மாதத்தில் அத்தனையும் செத்துப்போகும் என்றார் டாக்டர். சூப்பர்வைசர் எந்த நேரம் வருவானோ என்று பயந்துகொண்டே தைத்தவர்களைச் சென்னியப்பன் பார்த்திருக்கிறார், அதனால் அதுவும் புரிந்தது. ஒரே வழி, ஒயரைப் பிடுங்கிவிட்டு வேளாவேளைக்கு நிபந்தனை இல்லாமல் பாகு ஊற்றுவது. சோறு எப்படியும் வரும் என்று அதற்கு நம்பிக்கை வர நாற்பது நாள் ஆகும். அந்த நாற்பது நாளும் தண்ணீர் வெளியே போகக் கூடாது. பழைய ஆவியாக்கும் கொப்பரை மூலையில் கிடக்கிறது, ஆனால் அது பாதித் தண்ணீரைத்தான் தாங்கும். அப்படியென்றால் ஆறு மிஷின் நிற்க வேண்டும்.

இதை எடுத்துக்கொண்டு இருவரும் முதலாளி அறைக்குப் போனார்கள். ரத்தினசபாபதி கெட்டவர் இல்லை. வேலைக்காரர் வீட்டு விசேஷம் ஒன்று விடமாட்டார், பொய் சொல்லிப் பிழைக்கத் தெரியாதவர். முழுக்கக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். இருநூற்றெண்பது பேரில் பாதிப் பேரை நாற்பது நாள் வீட்டுக்கு அனுப்பினால் அவர்கள் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள், கப்பல் ஏற வேண்டிய சரக்கு நிற்கும் என்று சொன்னார். மீட்டர் இன்றைக்கும் சுத்தம் என்றுதான் காட்டுகிறது, சட்டப்படி நம் மேல் ஒரு குற்றமும் இல்லை என்றார். டாக்டர், செத்த மீனைப் பற்றிச் சொன்னார். மீன் எதற்கு வேண்டுமானாலும் சாகும் என்றார் அவர். பிறகு சென்னியப்பன் பக்கம் திரும்பினார்.

"சென்னியப்பா, ஓடைத் தண்ணி மொதல்ல போய்ச் சேர்றது உன்ற தங்கச்சி கெணத்துக்கு. அந்தப் புள்ள என்ன சொல்லுது?"

"நல்லாருக்குதுன்னுதாங்க சொல்லுது."

"எட்டு மாசமாவா?"

"ஆமாங்க."

"பொறவென்னப்பா. குடிக்கறவங்களே நல்லாருக்குதுங்கறாங்க. மீட்டரும் நல்லாருக்குதுங்குது. அந்தப் புள்ள வாயால ஒரு தடவ நல்லால்லீன்னு சொல்லட்டும், அன்னைக்கே நிறுத்தறேன். இது என்ற வாக்கு."

டாக்டர் எழுந்து போனார். சென்னியப்பனுக்கு உண்மையில் கொஞ்சம் நெஞ்சு ஆறியது. மண்ணுக்குள் இறங்கும்போது விஷம் வடிகட்டப்பட்டிருக்கலாம், கிணற்றுக்கு வேறு ஊற்று இருக்கலாம் என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நாளை மறுநாள் ஞாயிறு, போய் இன்னொரு தரம் கேட்டுவிட்டால் தீர்ந்தது. சனிக்கிழமை காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு அந்த மீன்கள் ஏன் செத்தன என்பது வேறு விதமாக உறைத்தது. மாறாத நேரத்தில் பார்த்த வரைக்கும் எல்லாம் நன்றாகவே இருந்தது. ஒரு நாள் நேரம் தவறியதும்தான் உண்மை மிதந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு, ஞாயிறு வரைக்கும் காத்திராமல் அப்படியே வண்டியை எடுத்தார்.

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டு. கதவு சாத்தியிருந்தது. கட்டுத்தறியில் மாடு இல்லை. சாணி இல்லை, தீவனம் சிந்திய அடையாளமும் இல்லை. நாள்கணக்காக மாடு நிற்காத கட்டுத்தறி எப்படி இருக்கும் என்று தெரியாதவரா அவர். நின்றது நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் வண்டிச் சத்தம் கேட்டது. கோகிலாமணி மொபெட்டில் வந்தாள். பின்னால் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு குடம் கட்டித் தொங்கின, காலுக்கு நடுவில் ஒரு கேன். அண்ணனைப் பார்த்ததும் பாதையிலேயே பிரேக்கைப் பிடித்தாள். தண்ணீர் தளும்பி அவள் புடவை நனைந்தது.

"ஏண்ணா, இன்னைக்கு ஞாயித்துக்கெழமையா?" என்றாள்.

அவர் கிணற்றடிக்குப் போய் வாளியை விட்டு இழுத்தார். அவள் வண்டியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வந்து, அதைத் தொடாதண்ணா என்று கையைப் பிடித்தாள். அதற்குள் அவர் ஒரு வாய் அள்ளி நாக்கில் வைத்துவிட்டார். தெளிந்த தண்ணீர்தான், வாசனை கூட இல்லை. நாலைந்து மூச்சுக்குள் நாக்கு மரத்துப்போனது. அவர் கையைப் பிடித்திருந்த அவள் கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் திட்டுத் திட்டாகத் தோல் உரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஏன் முழுக்கை ரவிக்கை போட்டாள் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

கிணற்று மேட்டில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார், அவளும் சொன்னாள். மூன்று மாதம் அந்தத் தண்ணீரைத்தான் குடித்திருக்கிறாள். முதலில் மாடு வாய் வைக்க மறுத்தது, பிறகு பால் குறைந்தது, பிறகு அவள் கை உரிந்தது. அதிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி அடுத்த ஊர்ப் பொதுக்குழாயில் தினமும் இரண்டு நடை தண்ணீர் பிடிக்கிறாள். மாட்டைத் தெரிந்தவர் தோட்டத்தில் கட்டி வைத்திருக்கிறாள். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு ஓட்டிவந்து கட்டுவாள், ஞாயிற்றுக்கிழமை அண்ணன் காபி குடித்துவிட்டுக் கிளம்பியதும் திரும்ப ஓட்டிக்கொண்டு போய்விடுவாள்.

"ஏன் அம்மிணி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலாமில்ல?" என்று கேட்டார்.

"எப்பிடிண்ணா சொல்லுவேன்? வண்டிய நிறுத்தறதுக்குள்ள நல்லாருக்குதல்லன்னுதான் கேப்ப. அப்ப உன்ற மொகம் எப்பிடி இருக்கும்னு உனக்குத் தெரியாது. அதப் பாத்துட்டு எவளுக்காச்சும் இல்லீன்னு சொல்ல வாய் வருமா?"

சென்னியப்பன் அழுதார். ஐம்பத்திரண்டு வயது மனிதர், தங்கை முன்னால் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். வேலை போகும் என்று அழவில்லை, வாக்கு பொய்த்ததே என்றும் அழவில்லை. எட்டு மாதமாக வாரம் தவறாமல் வந்து இந்தப் பெண்ணிடம் தானும் ஒரு ரீடிங் எடுத்துக்கொண்டு போயிருக்கிறோமே என்றுதான் அழுதார். அவள் தன் ஈரப் புடவைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

ஒருவாறு அடங்கியதும் முதலாளிக்குப் போன் போட்டார். கிணற்றடியில்தான் இருக்கிறேன், தங்கச்சி பேசும், நீங்களே கேட்டுக்கோங்க என்று மட்டும் சொல்லிப் போனை அவள் கையில் கொடுத்தார். அவள் அதைக் காதில் வைத்துக்கொண்டு அண்ணன் முகத்தையே பார்த்தாள். அந்தப் பக்கம் ரத்தினசபாபதி ஏதோ கேட்டார்.

"தண்ணிங்களா?" என்றாள். பார்வை அண்ணனை விட்டு நகரவில்லை. "தண்ணி வந்துங்க..."

அவள் அவர் முகத்தில் எதையோ தேடுகிறாள் என்பது சென்னியப்பனுக்குத் தெரிந்தது. அண்ணனுக்கு வேலை போகுமா, அண்ணன் ஜெயிலுக்குப் போவாரா, எதைச் சொன்னால் இந்த முகம் வாடாமல் இருக்கும் என்று தேடுகிறாள். அவர் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நின்றாலும் அதற்கு ஏற்ற பதிலைத்தான் அவள் சொல்லப்போகிறாள். சட்டென்று எழுந்தார். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தென்னை வரிசை ஊடாக நடந்தார். குரல் கேட்காத தூரம் வரைக்கும் போனார், அதற்கப்புறமும் பத்துத் தப்படி போனார். வேலிக்கு முன்னால் நின்று, திரும்பிப் பார்க்காமல், வேலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஒரு வார்த்தை சொல்ல இத்தனை நேரமா என்று நினைத்தார். திரும்பிப் பார்க்கக் கழுத்து துடித்தது, பார்க்கவில்லை. கடைசியில் காய்ந்த மட்டையை மிதித்துக்கொண்டு அவள் வரும் சத்தம் கேட்டது. கண் சிவந்திருந்தது, ஆனால் இறக்கி வைத்த மாதிரி நடந்து வந்தாள்.

"என்ன சொன்னாரு?"

"கொழாய இப்பவே அடைக்கச் சொல்லிட்டாராம். ஆறு மிஷின நிறுத்தறாராம். தெனமும் இங்க ஒரு லாரி நல்ல தண்ணி வருமாம். உன்னய வேலைக்கு வெச்சுக்குவாங்களான்னு தெரியலண்ணா, திங்கக்கெழம வரச் சொன்னாரு."

"அது கெடக்குது. நீ என்ன சொன்ன, இத்தன நேரம்?"

கோகிலாமணி போனை அவர் சட்டைப் பையில் வைத்தாள்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேண்ணா," என்றாள். "நீதான் பாக்கலியே."